உப்புநீரில் ஓடிய படகுகள்: சென்னையின் மேற்கே நீர்வழி எட்டாமற்போன வரலாறு

சென்னையின் நீர்வழிப் போக்குவரத்தைப் பற்றிய எழுத்துகள் பக்கிங்காம் கால்வாயில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகின்றன. கடலோரமாக வடக்கு தெற்காக ஓடும் ஒற்றைக் கோடுதான் அவற்றின் களம். அந்தக் கோட்டுக்கு மேற்கே, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில், நீருக்குக் குறைவே இருந்ததில்லை. கொரட்டூர் ஏரி, அம்பத்தூர் ஏரி, ஆவடியின் பருத்திப்பட்டு ஏரி, பூந்தமல்லிக்குத் தென்மேற்கே செம்பரம்பாக்கம், வடக்கே செங்குன்றம் என்று ஏரிக்குப் பின் ஏரியாகக் கிடக்கிறது. இவற்றினூடே கூவம் திருவேற்காட்டைத் தொட்டுக்கொண்டு நகரத்துக்குள் இறங்குகிறது. இத்தனை நீர் இருந்தும் இந்தப் பகுதியில் சரக்குப் படகு ஓடும் வழி ஒன்று ஏன் உருவாகவில்லை?

மழை குறைவு, ஆறு வறண்டது என்பது எளிதில் கிடைக்கும் பதில். அது பாதி உண்மைதான். சென்னை வட்டாரத்தில் நன்னீர் ஒவ்வொரு துளியும் ஏற்கெனவே யாரோ ஒருவருக்குச் சொந்தமாக இருந்தது. யாரும் உரிமை கேட்காத உப்புநீர் மட்டுமே படகுக்கு மிஞ்சியது. கால்வாயின் வரலாற்றை இந்தக் கோணத்தில் படித்தால்தான் அது ஏன் கடலோரத்தை விட்டு உள்நாட்டுக்குள் திரும்பவேயில்லை என்பது புரியும்.

கால்வாயின் முதல் துண்டு தனியார் முதலீட்டில் பிறந்தது. கும்பினி ஆட்சியில் கடற்படைக்கு உணவுப்பொருள் வழங்கும் குத்தகையில் பெரும் செல்வம் சேர்த்த பேசில் காக்ரேன், 19ஆம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் சென்னையிலிருந்து வடக்கே எண்ணூர் வரை சுமார் 11 மைல் தூரத்துக்கு வெட்டப்பட்ட கால்வாயைப் பொறுப்பேற்று நடத்தினார். 1806இல் படகுகள் ஓடத் தொடங்கின. காக்ரேன் கால்வாய் என்றே அதற்குப் பெயர். சுங்கம் வசூலிக்கும் உரிமை அவரிடம் இருந்தது. 1837இல் அரசு அதைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. பிறகு வடக்கே பழவேற்காடு ஏரியைக் கடந்து நெல்லூர்ச் சீமைக்குள்ளும், தெற்கே பாலாற்றைத் தாண்டி மரக்காணம் வரைக்கும் துண்டு துண்டாக நீண்டது. 1880களில் வட எல்லை பெத்தகஞ்சாமைத் தொட்டு, கிருஷ்ணை டெல்டாக் கால்வாய்களோடு சேர்ந்தது. மொத்த நீளம் சுமார் 420 கிலோமீட்டர். அதில் தமிழ்நாட்டுப் பங்கு ஏறத்தாழ 163. சென்னையில் ஏறிய சரக்கு, கடலைக் காணாமலே பெசவாடாவுக்கும் அதற்கு அப்பால் காக்கிநாடாவுக்கும் போய்ச் சேர வழி பிறந்தது.

இந்த நீளத்தில் மிகக் குறுகிய துண்டுதான் மிகக் கனமான வரலாற்றைச் சுமக்கிறது. நகரத்துக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் எட்டு கிலோமீட்டர் அது. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில், நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. செங்கற்பட்டு மாவட்டத்துக் கிராமங்களிலிருந்தும் வட ஆர்க்காட்டிலிருந்தும் பசியோடு நகரத்தை நோக்கி வந்தவர்களில் ஒரு பெருங்கூட்டம் நடந்த வழி மேற்கு வழி, அதாவது பூந்தமல்லிச் சாலையும் செங்குன்றம் சாலையும். அந்த ஆண்டுகளில் பஞ்ச நிவாரணத்தைக் கண்காணிக்க வந்த ரிச்சர்டு டெம்பிள் நிர்ணயித்த கூலி, ஆள் ஒன்றுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும். அந்த அளவில் உடல் தாங்காது என்று சென்னையின் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ் விடாமல் எதிர்த்து எழுதினார். பின்னர் அளவு உயர்த்தப்பட்டது. அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகன் 1875 முதல் 1880 வரை பதவியில் இருந்தவர். கால்வாய்க்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். மண் சுமந்தவர்களின் பெயர் ஒன்றும் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. கால்வாயை ஒரு பொறியியல் சாதனையாக மட்டும் போற்றுகிற எழுத்துகள் இந்த இடத்தில் நின்று யோசித்திருக்க வேண்டும்.

இனி நிலத்தின் வாட்டத்துக்கு வருவோம். ஆவடியும் அம்பத்தூரும் பூந்தமல்லியும் கடல்மட்டத்துக்கு மேல் தோராயமாக 15 முதல் 20 மீட்டர் உயரத்தில் இருப்பவை. ஒரு படகை அந்த உயரத்துக்கு ஏற்ற வேண்டுமானால் படிக்கட்டுப்போல் லாக்குகள் வேண்டும். லாக்கு என்பது இரண்டு பக்கமும் கதவு வைத்த நீர்த்தொட்டி. படகு உள்ளே நுழைந்ததும் பின்கதவைச் சாத்துவார்கள். முன்கதவில் உள்ள சிறு மடையைத் திறந்து மேல்மட்ட நீரை உள்ளே விடுவார்கள். தொட்டி நிரம்பி இருபுறமும் சமமானதும் முன்கதவு திறக்கும், படகு ஒரு படி ஏறியிருக்கும். ஒவ்வொரு முறையும் ஒரு தொட்டி நீர் கீழே இறங்கிப் போய்விடும், திரும்ப வராது. மேட்டில் எப்போதும் நீர் தேங்கியிருந்தால்தான் இது நடக்கும். இங்கிலாந்தில் ஏழடி அகலத்தில் ஒடுக்கமாகவும் எழுபதடி வரை நீளமாகவும் கட்டிய படகுகளைக் குதிரைகள் இழுத்துச் சென்ற கால்வாய்களுக்கு, மேட்டுநிலத்தில் ரட்யார்டு ஏரி போன்ற நீர்த்தேக்கங்களைப் படகுக்கென்றே கட்டினார்கள். அங்கே மழை ஆண்டு முழுவதும் பெய்கிறது. வயலுக்கு ஏரிப்பாசனம் தேவைப்படவில்லை.

இங்கே நிலைமை நேர்மாறு. ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதை ஏரியில் கட்டி வைத்து, தை தாண்டியும் பயிருக்கு விடவேண்டும். மதகைத் திறக்கும் நாள், முறை, அளவு எல்லாவற்றுக்கும் ஊர்க்கட்டு இருந்தது. கூவமோ தன் வழியிலேயே நீரை இழந்துகொண்டு வருகிற ஆறு. கேசவரத்தில் கொசத்தலையாற்றிலிருந்து பிரியும் நீர் அதற்கு ஓர் ஆதாரம். கொரட்டூர் அணைக்கட்டில் அதன் நீர் புதிய பங்காரு கால்வாய் வழியே செம்பரம்பாக்கம் ஏரிக்குத் திருப்பப்படுகிறது. (இந்தக் கொரட்டூர் வேறு, அம்பத்தூரை அடுத்த கொரட்டூர் வேறு, பழைய ஆவணங்களைப் புரட்டுகிறவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வது எளிது.) 1872இல் தாமரைப்பாக்கத்தில் கொசத்தலையாற்றை மறித்து, சோழவரம், செங்குன்றம் ஏரிகள் வழியே நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்த பிறகு, வடமேற்கு ஏரிநீரின் மீது நகரமும் உரிமை கொண்டாடத் தொடங்கியது. பயிருக்குப் போக மீதி குடிக்க. படகுக்கு விட என்ன இருந்தது?

கடலோரத்தில் இந்தச் சிக்கலே எழவில்லை. பழவேற்காடு, எண்ணூர், கோவளம் எனக் கழிமுகங்களும் உப்பங்கழிகளும் வரிசையாகக் கிடந்தன. கடல் ஏற்றமே கால்வாயை நிரப்பியது. அந்த நீரில் நெல் விளையாது. அதைக் கேட்டு எந்தக் குடியானவரும் கலெக்டர் கச்சேரிக்கு மனுப்போட மாட்டார். ஆறுகள் குறுக்கிடும் இடங்களில் மட்டம் காக்க லாக்குகள் அமைத்தால் போதும். சேப்பாக்கத்தை ஒட்டிய லாக் நகர் அத்தகைய ஒரு லாக்கின் எச்சப் பெயர்.

உள்நாட்டு நீர்வழி சாத்தியமே இல்லை என்று அன்று எல்லாரும் கைவிட்டுவிடவில்லை. பாசனப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கடைசிவரை எதிர்க்கட்சியாகவே வாதாடினார். கோதாவரியில் தவளேஸ்வரம் அணைக்கட்டின் பலனைக் கண்ட அவர், இந்தியாவுக்கு இரயிலைவிடப் படகு செல்லும் பாசனக் கால்வாயே மலிவு, பஞ்சத்துக்கும் மருந்து என்றார். துங்கபத்திரை நீரைக் கிழக்குக் கடற்கரைவரை கொண்டுவரும் அவருடைய கனவில் பிறந்ததுதான் கர்நூல்–கடப்பைக் கால்வாய். அதைக் கட்டிய கம்பெனி நட்டத்தில் தள்ளாடி, 1882இல் அரசே வாங்கிக்கொள்ளும்படி ஆயிற்று. ஒரே நீரைப் பயிருக்கும் படகுக்கும் பங்கிடும் திட்டம், வற்றாத டெல்டாக்களில் வெற்றி பெற்றது. மழைநிழல் நாட்டில் தடுமாறியது. பாலாறும் கூவமும் உள்ள தொண்டை மண்டலத்தில் அதைச் சோதித்துப் பார்க்கக்கூட யாரும் துணியவில்லை.

வரலாற்றின் விசித்திரம், அதே காட்டன்தான் மேற்குப் புறநகருக்கு அருகே முதல் தண்டவாளத்தோடும் தொடர்புடையவர். 1837இல் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்குச் சாலை போடும் செம்மண் பாறைக்கல்லைக் கொண்டுவர ஓர் இருப்புப்பாதை ஓடியது. இந்தியாவின் முதல் இருப்புப்பாதையாக அதைத்தான் கொள்கிறார்கள். 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் ஓடியபோது, அது சென்ற திசை மேற்கு. பெரம்பூர், ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் என்று அந்தப் பாதை விழுந்ததும் மேற்குப் புறநகரின் தலையெழுத்து தீர்மானமாகிவிட்டது. இரண்டாம் உலகப்போரில் ஆவடி இராணுவக் கிடங்கு ஆனதும், 1960களில் அங்கே டாங்கித் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்ததும் அந்தத் தண்டவாளத்தின் பின்விளைவுகள். கிழக்கு மேற்காக இரயில், வடக்கு தெற்காகப் படகு. இரண்டும் சந்தித்த இடம் படகுத்தேக்கத்தை ஒட்டிய பேசின் பிரிட்ஜ்.

அந்தப் படகுகள் கொண்டுவந்தவற்றைப் பார்த்தால் நகரத்தின் அடுப்பங்கரையையே பார்க்கலாம். நெல்லூர் அரிசி, எண்ணூர்ப் பக்கத்து உப்பு, பழவேற்காட்டுக் கிளிஞ்சல், அதில் சுட்ட சுண்ணாம்பு, எல்லாவற்றுக்கும் மேலாகச் சவுக்கு விறகு. கரையோரத்து விறகுத்தொட்டிகளில் கட்டுக்கட்டாக இறங்கி, அங்கிருந்து கைவண்டியில் தெருத்தெருவாகப் போகும். படகு நீளமானது, அடி தட்டையானது; ஆழமில்லாத நீரிலும் சேற்றில் உட்காராமல் நகரவேண்டுமே. காற்று பின்னாலிருந்து அடித்தால் பாய் விரிப்பார்கள். இல்லையென்றால் இரண்டு பக்கமும் ஆள் நின்று நீண்ட கழியை அடியில் ஊன்றி, அதன் நுனியைத் தோளில் தாங்கி, படகின் முன்னாலிருந்து பின்னால்வரை நடந்து தள்ளுவார்கள். அதுவும் பற்றாதபோது கரையேறிக் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்து நடக்கவேண்டும். இங்கிலாந்தில் குதிரை செய்த வேலை அது. பாரதிதாசன் 1930களில் நண்பர்களோடு சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குப் படகில் சென்றார். அந்தப் பயணத்தைப் பாடிய ‘மாவலிபுரச் செலவு’ நிலவையும் நீரையும் மட்டும் பாடி நிற்கவில்லை, படகை நகர்த்தியவர்களின் உழைப்பையும் பாடியது. கால்வாயின் சமூக வரலாற்றை எழுதப் புகுகிறவர் தொடங்கவேண்டிய ஆவணங்களில் அதுவும் ஒன்று.

1890ஆம் ஆண்டின் கால்வாய்கள், பொதுத்தோணித்துறைகள் சட்டம் படகு உரிமத்தையும் சுங்கத்தையும் ஒழுங்குபடுத்தியது. 1960–61இல்கூட ஆண்டுக்கு இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் சரக்கு இந்த வழியில் போயிருக்கிறது. அதன்பின் சரிவு வேகமாக வந்தது. அறுபதுகளின் நடுவில் வீசிய புயல்களும் 1976 புயலும் கரைகளை உடைத்தன. லாரிகள் சரக்கைப் பிடுங்கிக்கொண்டன. மண்ணெண்ணெயும் எரிவாயுவும் விறகைத் துரத்தின. 1970களின் தொடக்கத்தில் கூவத்தைத் துப்புரவாக்கிப் படகுச்சவாரி விட்ட முயற்சி சில ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை. பிறகு பறக்கும் இரயிலின் தூண்களும் நிலையங்களும் கால்வாய்க்குள்ளேயே இறங்கி, சில இடங்களில் அதன் அகலத்தைப் பாதிக்கும் கீழே குறுக்கிவிட்டன. இரயில் படகை வென்ற கதையில் இதைவிட நேரடியான அத்தியாயம் கிடையாது. கால்வாயை மூழ்கடித்துத்தான் நகரப் போக்குவரத்தை வளர்க்கமுடியும் என்ற முடிவு தவறு என்றே கருதுகிறேன். வடிகாலை இழந்த மயிலாப்பூர், திருவல்லிக்கேணித் தெருக்கள் அதன் விலையை ஒவ்வொரு பெருமழையிலும் செலுத்துகின்றன.

2008இல் காக்கிநாடா–புதுச்சேரி வழியை நான்காவது தேசிய நீர்வழியாக மத்திய அரசு அறிவித்தது. பக்கிங்காம் கால்வாய் அதில் அடங்குகிறது. ஆனால் சென்னைக்குள் அதைத் தூர்வாருவதை மட்டும் பேசுகிற திட்டங்கள் மேற்கை மறந்துவிடுகின்றன. அம்பத்தூர், கொரட்டூர், பாடிப் பக்கத்திலிருந்து இறங்கும் ஓட்டேரி நல்லா, வில்லிவாக்கம், அயனாவரம் வழியே வந்து பேசின் பிரிட்ஜ் அருகே இந்தக் கால்வாயில்தான் விழுகிறது. ஆவடியின் சாக்கடை கூவத்தில் சேர்ந்து சேப்பாக்கத்தருகே அதே கால்வாயைச் சந்திக்கிறது. கழிவுநீர் தேங்கிக் கெட்டுக் கிடந்த பருத்திப்பட்டு ஏரியைத் தூர்வாரி, கழிவுநீரைச் சுத்திகரித்து, 2019இல் பூங்காவும் படகுச்சவாரியுமாகத் திறந்தார்கள். ஆவடிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகளோடு அங்கே படகேறுகிறார்கள். அந்த ஏரியில் செய்தது அம்பத்தூர் ஏரியிலும், கொரட்டூர் ஏரியிலும், ஓட்டேரி நல்லா நெடுகவும் நடந்தாக வேண்டும். அதற்குப் பிறகுதான் பேசின் பிரிட்ஜில் தூர்வாரும் எந்திரம் இறங்குவதில் பொருள் உண்டு.