பிள்ளைகளோட கப்பல்ல போனா எந்த ரூம் எடுக்கறது?

இந்த எபிசோடு எங்க வீட்டுல நடந்த ஒரு சண்டையில ஆரம்பிச்சது.

சென்னைத் துறைமுகத்துலேர்ந்து கிளம்புற ஒரு சொகுசுக் கப்பல்ல மூணு ராத்திரி போயிட்டு வரலாம்னு முடிவு பண்ணோம். நான், மனைவி, 9 வயசு மகள், 4 வயசு மகன், எங்க அம்மா. அஞ்சு பேரை ஒரே ரூம்ல விட மாட்டாங்க, ரெண்டு ரூம் எடுக்கணும். கையில இருந்த பணத்துக்கு ரெண்டு வழிதான் தெரிஞ்சது. ஒண்ணு, பால்கனி வச்ச ரெண்டு ரூம். ஆனா ஒண்ணு கப்பலோட இந்தக் கோடி, இன்னொண்ணு அந்தக் கோடி. இல்லன்னா கீழ்த்தளத்துல, ஜன்னல்கூட இல்லாம, நடுவுல ஒரு கதவு வச்ச ரெண்டு ரூம்.

நான் பால்கனி கட்சி. 'கடலைப் பாக்காம கப்பல்ல போறதுக்கு லாட்ஜ்ல ரூம் போட்டுடலாமே'ன்னேன். மனைவி கேட்டது ஒரே கேள்விதான். "ராத்திரி ஏதாவது ஒண்ணுன்னா, இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடிக்கு யார் ஓடறது?"

பதில் சொல்லத் தெரியல. என் வழக்கப்படி சரித்திரத்தைப் புரட்ட ஆரம்பிச்சேன்.

முதல்ல ஒரு ஜாலியான கதை. ஆங்கிலத்துல 'போஷ்'னு ஒரு வார்த்தை இருக்குல்ல, பணக்காரத்தனமானதுன்னு அர்த்தம். அது கப்பல் ரூம்லேர்ந்து வந்ததுன்னு நிறைய பேர் சொல்வாங்க. இங்கிலாந்துலேர்ந்து இந்தியாவுக்கு வர்ற பி அண்ட் ஓ கப்பல்கள்ல, கிழக்கு நோக்கி வரும்போது வெயில் வலது பக்கம் அடிக்கும். அதனால வசதியானவங்க வரும்போது இடது பக்கம், திரும்பிப் போகும்போது வலது பக்கம் ரூம் கேப்பாங்க, அந்த நாலு ஆங்கில வார்த்தைகளோட முதல் எழுத்துதான் 'போஷ்'னு கதை. கேக்க அழகா இருக்கு. ஆனா அப்படி முத்திரை குத்தின ஒரு டிக்கெட்கூட இதுவரைக்கும் கிடைக்கல. அகராதிக்காரங்க இதை ஏத்துக்கறதும் இல்ல. ஏசி இல்லாத காலத்துல நிழல் பக்கத்து ரூமுக்குக் கிராக்கி இருந்திருக்கும், அதுல சந்தேகமில்ல. வார்த்தை அங்கேர்ந்து வந்ததுங்கறதுக்குத்தான் ஆதாரம் இல்ல.

இப்ப விஷயத்துக்கு வருவோம். குழந்தைகளோட போறவங்களுக்கு இன்னைக்கு எல்லாரும் சொல்ற முதல் அறிவுரை, 'கப்பலோட நடுப்பகுதியில, கீழ்த்தளத்துல ரூம் எடு'. ஏன்? பார்க்ல இருக்கற சீ-சாவை நினைச்சுக்கோங்க. ரெண்டு கோடியும் மேலயும் கீழயும் போகும், நடுவுல உட்கார்ந்தா அவ்வளவா ஆட்டம் தெரியாது. அலையில கப்பலும் அப்படித்தான். குழந்தைங்க வாந்தி எடுக்காம தூங்கணும்னா நடுப்பகுதிதான் சரி.

இந்த விஷயம் 1912-லயே கப்பல் கட்டினவங்களுக்கு நல்லாத் தெரியும். டைட்டானிக் வரைபடத்தை எடுத்துப் பாருங்க. ஆட்டமும் இன்ஜின் அதிர்வும் குறைஞ்ச நடுப்பகுதி முதல் வகுப்புக்கு. அதுக்குக் கொஞ்சம் பின்னால ரெண்டாம் வகுப்பு. மூணாம் வகுப்புல இருந்த 700-க்கும் மேற்பட்டவங்களுக்கு ரெண்டு கோடிகள். கல்யாணம் ஆகாத ஆண்கள் கப்பலோட முன்கோடியில. குடும்பங்களும் தனியா வந்த பெண்களும் பின்கோடியில, புரொப்பெல்லர் அதிர்வுக்குப் பக்கத்துல. ரெண்டு கோடியையும் சேர்க்க ஒரு நீளமான தாழ்வாரம் இருந்தது. லிவர்பூல் தெரு ஒண்ணோட பேரை வச்சு ஊழியர்கள் அதை 'ஸ்காட்லாந்து ரோடு'ன்னு கூப்பிட்டாங்க. மூணாம் வகுப்பை மத்த வகுப்புகள்லேர்ந்து பிரிச்சே வைக்கணும்னு அமெரிக்கக் குடியேற்ற விதிகளும் இருந்தது.

அதாவது மூணாம் வகுப்புக் குடும்பம் ரூமைத் தேர்ந்தெடுக்கல. டிக்கெட் காசு அவங்களுக்காகத் தேர்ந்தெடுத்துடுச்சு.

ஏப்ரல் 14 ராத்திரி 11:40-க்குப் பனிப்பாறை இடிச்சது. 2:20-க்குக் கப்பல் மூழ்கிடுச்சு. நடுவுல இருந்தது 2 மணி 40 நிமிஷம். உயிர்காப்புப் படகுகள் இருந்தது உச்சித் தளத்துல. ரெண்டாம் வகுப்புப் படிக்கட்டு நேரா அந்தத் தளத்துக்கே போகும். மூணாம் வகுப்புக்கு அப்படி நேர் வழி கிடையாது.

பிரிட்டிஷ் விசாரணை அறிக்கையில ஒரு கணக்கு இருக்கு. ரெண்டாம் வகுப்புல 24 குழந்தைங்க, 24 பேரும் பிழைச்சாங்க. மூணாம் வகுப்புல 79 குழந்தைங்க, பிழைச்சது 27 பேர். இதைப் படிச்சதும் நான் லேப்டாப்பை மூடிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துட்டேன்.

மூணு குடும்பங்களைப் பத்திச் சொல்றேன்.

7 வயசு ஈவா ஹார்ட், ரெண்டாம் வகுப்பு. மூழ்காத கப்பல்ங்கற பேச்சே அவங்க அம்மாவுக்குப் பிடிக்கல. பகல்ல தூங்கிட்டு, ராத்திரி முழுக்க உடையைக்கூட மாத்தாம முழிச்சிருப்பாங்களாம். இடிச்ச அன்னைக்கும் முழிச்சுத்தான் இருந்தாங்க. அம்மாவும் மகளும் படகுல ஏறிட்டாங்க, அப்பா திரும்பி வரல.

அடுத்தது குட்வின் குடும்பம், மூணாம் வகுப்பு. அப்பா, அம்மா, ஆறு பிள்ளைங்க. எட்டுப் பேர்ல ஒருத்தர்கூடப் பிழைக்கல. கடைக்குட்டி சிட்னிக்கு ஒண்ணரை வயசுதான். கடல்லேர்ந்து எடுத்த ஒரு குழந்தையோட உடலை யார்னு தெரியாமலே கனடாவுல ஹாலிஃபாக்ஸ் நகரத்துல அடக்கம் பண்ணாங்க. உடல்களைத் தேடப் போன கப்பலோட மாலுமிகளே காசு போட்டுக் கல்லறை கட்டினாங்க. அது சிட்னிதான்னு டிஎன்ஏ மூலமா உறுதியானது 2007-ல. 95 வருஷம் பேர் இல்லாமலே கிடந்த குழந்தை.

மூணாவது, அலிசன் குடும்பம். முதல் வகுப்பு, நடுப்பகுதி, நல்ல ரூம்கள், கூடவே பணியாளர்கள். குழப்பத்துல ஆயா கைக்குழந்தை ட்ரெவரைத் தூக்கிட்டுப் படகுல ஏறிட்டாங்க. அது பெத்தவங்களுக்குத் தெரியல, அவனைத் தேடிக்கிட்டே கப்பல்ல நின்னுட்டாங்கன்னுதான் பரவலா நம்பப்படுது. அப்பா, அம்மா, 2 வயசு லொரெய்ன் மூணு பேரும் இறந்துட்டாங்க. முதல் வகுப்புல இறந்த ஒரே குழந்தை லொரெய்ன். ட்ரெவர் மட்டும் பிழைச்சான்.

பாருங்க, இவங்ககிட்ட பணம் இருந்தது, இடம் நல்ல இடம், படகும் பக்கத்துல. ஆனா யார் எங்க இருக்காங்கன்னு தெரியல.

மூணாம் வகுப்பை வேணும்னே ஒதுக்கலன்னுதான் அந்த விசாரணை முடிவு சொன்னது. மூட்டை முடிச்சை விட மனசில்ல, கப்பலை விட்டு இறங்கத் தயக்கம், கோடியிலேர்ந்து மேல வர்றது கஷ்டம்னு காரணங்களை அடுக்கினாங்க. ஆனா அந்த விசாரணையில மூணாம் வகுப்புப் பயணி ஒருத்தரைக்கூடச் சாட்சியாக் கூப்பிடல. ஜான் ஹார்ட்னு ஒரு ஊழியர் சாட்சி சொன்னார். பின்கோடியிலேர்ந்து பெண்களையும் குழந்தைகளையும் ரெண்டு தடவை கூட்டமா மேல வழிநடத்திக் கூட்டிட்டுப் போனவர் அவர். வழி காட்ட ஆள் இருந்தா வர முடிஞ்சிருக்குன்னுதானே அதுக்கு அர்த்தம்?

1914-ல லண்டன்ல நாடுகள் கூடி, கடல் பாதுகாப்புக்கு முதல் சர்வதேச ஒப்பந்தம் போட்டாங்க. எல்லாருக்கும் படகுல இடம் இருக்கணும்னு விதி வந்தது. இன்னைக்குக் கப்பல்ல ஏறினதும் பாதுகாப்புப் பயிற்சிக்குக் கூப்பிடறாங்க, ரூம் கதவுக்குப் பின்னால வழி காட்டும் படம் ஒட்டியிருக்காங்க. 'செல்ஃபி எடுக்கற நேரத்துல இது வேறயா'ன்னு நாம சலிச்சுக்கறோம்.

இதையெல்லாம் ராத்திரி சாப்பாட்டு நேரத்துல சொல்லிட்டிருந்தேன். அம்மா கேட்டுக்கிட்டே இருந்தவங்க, "நாங்க வந்தப்ப ரூமே கிடையாதுடா"ன்னாங்க.

அம்மா பினாங்குல பிறந்தவங்க. ஏழு வயசுல குடும்பத்தோட 'ரஜூலா' கப்பல்ல நாகப்பட்டினம் வந்து இறங்கினாங்க. ரஜூலாவை உங்க தாத்தா பாட்டிக்குத் தெரிஞ்சிருக்கலாம். 1926-ல பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்காக ஸ்காட்லாந்துல கட்டின கப்பல். மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர்னு 1970-கள் வரைக்கும் தமிழ்க் குடும்பங்களை ஏத்தி இறக்கிச்சு. ஆரம்பத்துல 5,000-க்கும் மேல டெக் பயணிகளை ஏத்த அதுக்கு அனுமதி இருந்தது. டெக் பயணின்னா ரூம் கிடையாது, தளத்துல கிடைச்ச இடத்துல பாயை விரிச்சுக்கணும்.

"உங்க பாட்டி ராத்திரி ஆனா சேலைத் தலைப்பைக் கிழிச்சு எங்க மூணு பேர் கையையும் தன் கையோட கட்டிக்கும். யாராவது எழுந்தா அதுக்கு முழிப்பு வந்துடும்"னாங்க அம்மா.

இது எனக்கு இதுவரைக்கும் தெரியாது. நாப்பது வருஷமா ஒரே வீட்டுல இருக்கோம், நான் கேட்டதே இல்ல.

அன்னைக்கு ராத்திரியே டிக்கெட் போட்டோம். கீழ்த்தளம், நடுப்பகுதி, ஜன்னல் இல்ல, நடுவுல கதவு வச்ச ரெண்டு ரூம். கடலைப் பாக்கணும்னா மேல் தளத்துக்குப் போயிக்கலாம், அது எல்லாருக்கும் பொது. நடுக்கதவை மட்டும் ராத்திரியில திறந்தே வைக்கணும்னு அம்மா உத்தரவு.

உங்க வீட்டுலயும் ரஜூலாவுல வந்தவங்க இருக்கலாம். இந்த வாரம் ஒரு தடவை கேட்டுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.