விழுந்த ஓட்டு எங்கே போச்சு?

நடுவர் அவர்களே! "அதிக ஓட்டு வாங்கினவர் ஜெயிக்கிறார், இதுல என்ன குறை?"ன்னு எதிரணி நண்பர் கேட்டார். நியூசிலாந்தைப் பாருங்கய்யா! 1978, 1981 இரண்டு தேர்தலிலும் நாடு முழுக்க அதிக ஓட்டு தொழிற்கட்சிக்கு. அதிக இடமும் ஆட்சியும் தேசியக் கட்சிக்கு! 1981-ல் நூற்றுக்கு 20 பேருக்கு மேல் ஆதரித்த சோஷியல் கிரெடிட் கட்சிக்கு 92 இடங்களில் கிடைத்தது வெறும் 2. மற்ற ஓட்டெல்லாம் எங்கே போச்சு?

1993 வாக்கெடுப்பில் மக்கள் கலப்பு விகிதாசார முறைக்கு மாறினார்கள். 1996-ல் அந்த முறையில் முதல் தேர்தல். கூட்டணி பேசி முடிக்கவே ஏறத்தாழ 2 மாதம்! குறைதான், மறுக்கலை. ஆனா 2011-ல் மறுபடி கேட்டப்போ, "இதுவே இருக்கட்டும்"னு பெரும்பான்மை மக்கள் சொல்லிட்டாங்களே! தாமதத்தைப் பொறுத்துக்கலாம், போட்ட ஓட்டு வீணாவதைப் பொறுக்க முடியுமா? நல்ல தீர்ப்பு தாருங்கள்.