வாளியை உதைத்த வரலாறு: ஓர் ஆங்கில மரபுத்தொடரும் இந்தியத் தேர்வுக்கூடமும்

‘“கிக் த பக்கெட்” என்னும் தொடரைச் சொந்த வாக்கியத்தில் அமைத்து எழுதுக.’ இவ்வகை வினாவுக்கு விடை எழுதாத தலைமுறை இந்தியப் பள்ளிகளில் அரிது. ‘முதியவர் நேற்று இரவு வாளியை உதைத்தார்’ என்னும் பொருள்பட மாணவர் ஆங்கிலத்தில் எழுதுவார்; ஆசிரியர் மதிப்பெண் இடுவார். இறந்தார் என்னும் பொருள் வந்துவிட்டது, எழுவாயும் பயனிலையும் இயைந்துவிட்டன. அவ்வாறாயின் அவ்வாக்கியம் சரியானதுதானா? இவ்வினாவுக்கு விடை காண இலக்கண நூல் மட்டும் போதாது. காலனிய இந்தியாவின் கல்வி வரலாற்றையும் புரட்ட வேண்டும்.

முதலில் தொடரின் பிறப்பைக் காண்போம். 1785இல் பிரான்சிஸ் குரோஸ் என்பவர் இலண்டனில் வெளியிட்ட கொச்சைமொழி அகராதியில் இத்தொடர் ‘இறத்தல்’ என்னும் பொருளோடு இடம்பெற்றுள்ளது. ‘பக்கெட்’ என்பது இங்கு நீர் மொள்ளும் வாளியைக் குறிக்காமல், கிழக்கு இங்கிலாந்தின் வட்டார வழக்கில் உத்தரத்தைக் குறித்தது என்பது அறிஞர் பலர் ஏற்கும் விளக்கம். அறுக்கப்பட்ட பன்றியைப் பின்னங்கால்களில் கட்டி அந்த உத்தரத்தில் தொங்கவிடுவர். உயிர் பிரியும் துடிப்பில் அதன் கால்கள் உத்தரத்தை உதைக்கும். தூக்கிட்டுக்கொள்வோர் ஏறி நிற்கும் வாளியைத் தாமே உதைத்துத் தள்ளுவதைச் சுட்டியது என்று கூறுவாரும் உளர். எது மூலமாயினும் ஒன்று தெளிவு: இது மதிப்புக்குரிய ஒருவரின் மறைவை அறிவிக்கப் பிறந்த தொடர் அன்று. தெருவிலும் மதுக்கடையிலும் வழங்கிய கொச்சை அது.

ஒரு மரபுத்தொடரைச் சரியாக ஆள்வதற்கு மூன்று அறிவுகள் தேவை. முதலாவது, பொருள். இரண்டாவது, தொடரின் இலக்கண உறைவு. ‘வாளி அவரால் உதைக்கப்பட்டது’ என்று செயப்பாட்டுவினையாக மாற்றினால் இறப்பு என்னும் பொருள் மறைந்து வெறும் வாளியே எஞ்சும். ‘மூன்று வாரங்களாக இறந்துகொண்டிருந்தார்’ என்று ஆங்கிலத்தில் சொல்லலாம்; ‘மூன்று வாரங்களாக வாளியை உதைத்துக்கொண்டிருந்தார்’ என்று சொல்ல இயலாது. சாவின் நெடிய போக்கை இத்தொடர் ஏற்காது. அது முடிந்துபோன கணத்தை மட்டுமே குறிக்கும். மூன்றாவது அறிவு, யார், யாரிடம், யாரைப் பற்றி, எந்த இடத்தில் இதைச் சொல்லலாம் என்பது. தேர்வுத்தாள் முதலாவதைக் கேட்டது. இரண்டாவதை ஓரளவு சோதித்தது. மூன்றாவதை அறவே மறந்தது.

இம்மூன்றாவது அறிவு தமிழருக்குப் புதிதன்று. இறந்தாரைத் ‘துஞ்சினார்’ என்பதை நம் இலக்கணிகள் தகுதி வழக்கில் ‘மங்கலம்’ என வகுத்தனர். இன்றும் ‘காலமானார்’, ‘இயற்கை எய்தினார்’, ‘இறையடி சேர்ந்தார்’ என எழுதுகிறோம். ‘மண்டையைப் போட்டார்’ என்பதற்கும் அகராதிப் பொருள் அதுவே; எனினும் அதை இரங்கல் சுவரொட்டியில் அச்சிட எவரும் துணியார். நன்னூலார் எழுவகை வழுக்களுள் மரபு வழுவைத் தனியே வைத்ததன் நுட்பம் இங்கு விளங்கும். திணை, பால், காலம் எல்லாம் பொருந்திய வாக்கியமும் மரபில் வழுவக்கூடும்.

இனி, இத்தொடர் போன்றவை இந்திய மாணவர் கைக்கு வந்த வழி. 1835இல் மெக்காலேயின் குறிப்பும் அதையொட்டிய பெண்டிங்கின் தீர்மானமும் அரசுக் கல்விநிதியை ஆங்கிலத்தின் பக்கம் திருப்பின. 1837ஆம் ஆண்டுச் சட்டம் நீதிமன்றங்களில் பாரசீகத்தின் இடத்தை அகற்ற வழிசெய்தது. 1844இல் ஹார்டிஞ்சின் தீர்மானம், அரசுப் பணிகளில் ஆங்கிலக் கல்வி பெற்றோருக்கு முன்னுரிமை என அறிவித்தது. 1854இல் உட்டின் அறிக்கை. 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள். இருபத்திரண்டே ஆண்டுகளில் ஆங்கிலம், கற்பவரின் விருப்பம் என்ற நிலையிலிருந்து பிழைப்பின் வாயில் என்ற நிலைக்கு உயர்ந்தது. வாயிலில் காவல் நின்றது தேர்வு.

தேர்வுக்குப் படிப்பவருக்குப் பட்டியல் தேவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நெஸ்ஃபீல்டின் இலக்கண வரிசையும், 1930களில் ரென், மார்ட்டின் இருவரின் நூலும் இந்திய வகுப்பறைகளை ஆண்டன. மனப்பாட ஏடுகளும் வழிகாட்டிகளும் அவற்றைச் சூழ்ந்து பெருகின. பட்டியலில் ஒரு தொடர் ஏறும்போது அது பிறந்த தெரு உதிர்ந்துவிடுகிறது. உயர்ந்த கவிதைத் தொடரும், சட்டத் தொடரும், மதுக்கடைத் தொடரும் ஒரே வரிசையில், ஒரே எழுத்தில், ஒரே மதிப்போடு நிற்கின்றன. ஆங்கிலேயரோடு உரையாடும் வாய்ப்பே இல்லாத ஒரு சிற்றூர் மாணவர் அவற்றின் ஏற்றத்தாழ்வை எங்ஙனம் அறிவார்?

இந்த அறியாமையே பின்னர் நகைப்புக்குப் பொருளாயிற்று. 1873இல், கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதி ஒனூகூல் சந்தர் முகர்ஜியின் வாழ்க்கையை அவர் உறவினர் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார். துயரத்தோடும் பெருமிதத்தோடும் எழுதப்பட்ட அந்நூல், மரபுத்தொடர்களை அடுக்கடுக்காகக் கோத்திருந்ததால் ஆங்கிலேயர் விருந்துகளில் சிரிப்பு நூலாயிற்று. தாயின் மறைவை அறிவிக்க, தாய்மையைப் போற்றும் உயர்ந்த தொடர் ஒன்றோடு நம் வாளித் தொடரை ஒட்டித் தந்தி அடித்த எழுத்தரின் கதையும் இவ்வாறே பரவியது. அத்தகைய தந்தி மெய்யாகவே அனுப்பப்பட்டதற்குச் சான்று காட்டுவார் இலர். கதை மட்டும் இன்றளவும் வாழ்கிறது. 1891இல் ஆர்னால்டு ரைட் ‘பாபு ஆங்கிலம்’ பற்றித் தனி நூலே தொகுத்தார். 1897இல் எஃப். ஆன்ஸ்டி படைத்த ‘பாபு ஜாபர்ஜீ’ நூல் வடிவில் வந்தான்.

இக்காலவரிசையை அரசியல் வரிசையோடு இணைத்துப் படிக்க வேண்டும். 1863இல் சத்தியேந்திரநாத் தாகூர் இந்தியக் குடிமைப் பணித் தேர்வில் தேறினார். 1883இல், இந்திய நீதிபதிகள் மாவட்டங்களில் ஐரோப்பியரை விசாரிக்கலாமா என்னும் இல்பர்ட் மசோதாப் பூசல் எழுந்தது. 1885இல் காங்கிரசு பிறந்தது. ஆங்கிலம் கற்ற இந்தியர் சம இடம் கேட்கத் தொடங்கிய அதே ஆண்டுகளில்தான் அவர்தம் ஆங்கிலம் கேலிப்பொருளாகிறது. ஆங்கிலம் கல்லாதவரைத் தகுதியற்றவர் என ஒதுக்கலாம். கற்றவரை ஒதுக்க, ‘கற்றும் வரவில்லை’ என்று காட்ட வேண்டியிருந்தது. அதற்கு மரபுத்தொடரைப் போல் வசதியான கருவி வேறில்லை. ஏனெனில் இலக்கணத்தை நூலிலிருந்து கற்கலாம். மரபைச் சமூகத்தில் புழங்கித்தான் கற்க இயலும். அச்சமூகத்தின் கதவோ அடைபட்டிருந்தது.

நேர்மை கருதி இன்னொன்றும் கூற வேண்டும். 1907இல் ஜி. சி. விட்வொர்த் இந்தியர் ஆங்கிலத்தின் மரபுப் பிழைகளை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். அவர் நோக்கம் நகைப்பு அன்று. இந்தியரின் ஆங்கில ஆற்றலை வியந்து, அதில் எஞ்சிய குறைகளைக் களைய விழைந்தார். பிழையைச் சுட்டுதல் எல்லாம் இழிவுபடுத்தல் ஆகாது. எனினும் ‘சரி’ எது என்று முடிவுசெய்யும் உரிமை ஆங்கிலேயருக்கே என்பதில் அவருக்கும் ஐயமில்லை. பின்னாளில் காந்தியடிகள் தம் அரசியல் பிழையொன்றை இமயமலையோடு ஒப்பிட்டுரைத்தார். இமயப் பிழை என்னும் வழக்கு இந்திய ஆங்கிலத்தில் வேரூன்றியது. மரபை வகுக்கும் உரிமை கைமாறியதற்கு அது ஓர் அடையாளம்.

இன்றைய நிலை என்ன? பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வுகளில் மரபுத்தொடர் வினாக்கள் தொடர்கின்றன. வாக்கியம் அமைக்கும் வினாவின் இடத்தில் நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிவுசெய்யும் வினா வந்துள்ளது. ஆக, முன்பு ஓரளவேனும் சோதிக்கப்பட்ட இரண்டாவது அறிவும் கைவிடப்பட்டு, பொருள் மட்டும் எஞ்சியுள்ளது. ஆனால் நேர்காணலிலும் அலுவலகத்திலும் மாணவரை எடைபோடுவது மூன்றாவது அறிவே. கற்பிக்காததைச் சோதித்து, தவறியவரைப் பார்த்து நகைக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டு வழக்கம் இன்னும் முடியவில்லை.

ஆங்கிலம் கற்பிக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மரபுத்தொடருக்குப் பொருள் கூறும்போது, அதனை யாரிடம் சொல்லக்கூடாது என்பதையும் ஒரு வரியில் சேர்த்துக் கூறுங்கள். ‘காலமானார்’ என்பதற்கும் ‘மண்டையைப் போட்டார்’ என்பதற்கும் உள்ள தொலைவை நம் மாணவர் ஒவ்வொருவரும் அறிவர். அத்தொலைவு ஆங்கிலத்திலும் உண்டு என்று சுட்டிக்காட்டினால் போதும்; எஞ்சியதை அவர்களே அளந்துகொள்வர்.