மாசி நிலவும் மணற்படிகளும்

ஒரு சமுதாயத்தின் வரலாற்றைக் கல்வெட்டிலும் செப்பேட்டிலும் மட்டுமே தேடுவது நம்மிடம் வேரூன்றிவிட்ட வழக்கம். அங்ஙனமாயின், எழுத்தைக் கையாளாத மக்களுக்கு வரலாறே இல்லையா? இவ்வினாவிற்கு விடையாக அமைவது, பின்பனிப் பருவத்து மாசித் திங்களில் நிகழும் ஒரு விழா.

திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ளது. வட ஆர்க்காடு மாவட்டம் 1989 ஆம் ஆண்டில் பிரிக்கப்பட்டபோது உருவான மாவட்டம் இது. திங்கட்கிழமைகளில் மனுவேந்தி இங்கு வருவோருள் இருளர் குடும்பங்களும் உண்டு. ஏரிக்கரைகளிலும் புறம்போக்குகளிலும் குடிசையிட்டு வாழும் இவர்கள் வேண்டுவன இரண்டே: குடியிருக்க மனைப்பட்டா, பழங்குடியினர் என்பதற்குச் சான்றிதழ்.

இதே மக்கள் ஆண்டுதோறும் மாசி மகத்தையொட்டிக் கிழக்கு நோக்கிப் பயணமாகின்றனர். ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மாமல்லபுரக் கடற்கரையே அவர்கள் கூடுமிடம். செங்கற்பட்டு, காஞ்சிபுரம், விழுப்புரம் பகுதி இருளரும் அங்கு வந்து சேர்வர். கழிகளை நட்டுச் சேலைகளைச் சுற்றிக் கட்டிய கூடாரங்களால் கடற்கரை ஒரு சிற்றூராகிவிடும்.

அவர்தம் தெய்வம் கன்னியம்மன். சினங்கொண்டு கடலுக்குள் சென்ற அன்னை, மாசி முழுநிலவன்று மக்களின் வேண்டுதலுக்கு இரங்கிக் கரைக்கு வருவாள் என்பது அவர்கள் நம்பிக்கை. விடியற்பொழுதில் கடலாடி, ஈரமணலில் ஏழு படிகள் அமைத்து, பூவும் பழமும் தேங்காயும் வைத்து வழிபடுவர். அந்த வைகறையிலேயே திருமணங்கள் நிகழும். குழந்தைகளுக்குப் பெயர் சூட்டுதலும், முடியிறக்குதலும், காதுகுத்துதலும் நடைபெறும். அடுத்த ஆண்டுக்கான மணப்பேச்சும் அங்கேயே முடிவாகும்.

இளவேனிலை வரவேற்கும் இத்தகைய விழாக்கள் பிற மலைநாடுகளிலும் உண்டு. இமயத்தின் குமாவோன், கட்வால் பகுதிகளில் சைத்திரத் தொடக்கத்தில் சிறுவர் வீட்டு வாயில்தோறும் மலர் தூவி வாழ்த்துவர். மேற்கே இந்துகுஷ் மலைத்தொடரில், பாகிஸ்தானின் சித்ரால் பகுதியில் வாழும் கலாஷ் மக்கள் மே மாதத்தில் மலரும் பாலும் கொண்டு ஜோஷி விழாவெடுப்பர். அங்கும் இளைஞர் தம் துணையைத் தேர்ந்துகொள்வர். சிதறி வாழும் சிறு சமுதாயங்களுக்கு இத்தகைய கூட்டங்கள் வெறும் களியாட்டமல்ல. உறவைப் புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாடாகும்.

இருளருக்கு இத்தேவை மிகுதி. 1882 ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் காட்டின் மீதிருந்த அவர்தம் உரிமையைச் சுருக்கிற்று. 1972 ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின்னர்ப் பாம்புத்தோல் தொழிலும் நின்றது. விறகு வெட்டும் இடங்களிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணத்திற்குக் கட்டுண்டு பலர் உழன்றனர். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976 இல் வந்த பின்னரும் மீட்கப்பட்டோர் பலராவர். இவ்வாறு சிதறுண்டவர்களை ஓரினமாக இணைத்து நிற்பது மாசி நிலவன்றோ!

அவர்களின் அறிவை நாடு அறியாமலில்லை. 1978 இல் வடநெம்மேலியில் தொடங்கப்பெற்ற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்தளிக்கும் நஞ்சு, பாம்புக்கடி மருந்தாகிப் பல உயிர்களைக் காக்கின்றது. வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருவருக்கு 2023 இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. ஒருவர் பெயரிலேயே மாசி இருப்பது நம் கருத்தைக் கவர்கின்றது.

ஆயினும் சான்றிதழ் கேட்டால், தந்தையின் சான்றைக் காட்டுக என்ற வினாவே பலருக்கு எதிர்நிற்கின்றது. பள்ளி வாசலையே மிதிக்காத தந்தை எச்சான்றைக் காட்டுவார்? செங்கற்பட்டு, வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு மாவட்ட இருளரைப் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909 இல் வெளியிட்ட தொகுதிகளிலேயே எழுதியுள்ளார். அதைவிடப் பெரிய சான்று கடற்கரையில் ஆண்டுதோறும் கண்முன் கூடுகின்றது. யார் யாருக்கு உறவு, எக்குழந்தை எவர் வழி என்பதற்கெல்லாம் அக்கூட்டமே சாட்சி.

மாமல்லபுரத்திற்குச் செல்வோர் பல்லவர் செதுக்கிய கல்லைக் கண்டு வியந்து மீள்கின்றனர். அதனருகே அமைந்த மணற்படிகளை அன்றைய அலையே கரைத்துவிடும். ஆனால் மறு ஆண்டு அவை மீண்டும் எழும். அதுவும் ஒரு வரலாற்று ஆவணமே. அதனைப் படிக்கும் கண்ணை வேங்கிக்காலின் அலுவலகங்களும் நாமும் பெறுவது என்று?