பாதி நீதிபதி!

நீதிபதி என்றதும் உங்கள் மனக்கண்ணில் யார் தெரிகிறார்? கறுப்பு அங்கி, உயரமான நாற்காலி, மரச் சுத்தியல்... சரிதானே? இவை எதுவும் இல்லாமல், ஏதோவொரு அரசு அலுவலகத்தின் சின்ன அறையில் உட்கார்ந்துகொண்டு, ஜனங்களின் தலையெழுத்தைத் தீர்மானித்த ஒரு கூட்டம் அமெரிக்காவில் இருந்தது. பெயர், 'ஹியரிங் எக்ஸாமினர்'. நம்ம ஊர் ஆபீஸ்களில் சொல்வோமே, விசாரணை அதிகாரி... கிட்டத்தட்ட அந்த ரகம்.

ஆரம்பித்து வைத்தது ரயில்! 1887-ல், ரயில் கம்பெனிகளின் கட்டணக் கொள்ளையைக் கட்டுப்படுத்த ஒரு கமிஷன் போட்டார்கள். புகார்கள் குவிந்தன. கமிஷனர்களே ஒவ்வொரு ஊராகப் போய் விசாரிக்க முடியுமா? 1906-ல் வந்த ஒரு சட்டம், சத்தியம் வாங்கவும் சாட்சிகளை விசாரிக்கவும் 'எக்ஸாமினர்'களை வைத்துக்கொள்ளலாம் என்றது. பிறகு ஒவ்வொரு துறையாக இந்த ஆசாமிகள் முளைத்தார்கள்.

இங்கேதான் சிக்கல். சம்பளம் கொடுப்பது துறை. பிரமோஷன் கொடுப்பதும் துறை. எதிரே நிற்பவர்மீது வழக்குப் போட்டதும் அதே துறை. விசாரிப்பவர் யார் பக்கம் சாய்வார்? வேலிக்கு ஓணான் சாட்சி!

முணுமுணுப்பு பெரிதானது. 1946-ல் அதிபர் ட்ரூமன் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். நிர்வாக நடைமுறைச் சட்டம். அதன்படி எக்ஸாமினரின் சம்பளத்தைத் துறை தீர்மானிக்கக் கூடாது, சிவில் சர்வீஸ் கமிஷன்தான் தீர்மானிக்கும். தக்க காரணம் காட்டி, தனியாக விசாரணை நடத்தாமல் அவரை வீட்டுக்கு அனுப்ப முடியாது. முக்கியமாக, துப்புத் துலக்குகிறவரும் வழக்காடுகிறவரும் தீர்ப்பில் மூக்கை நுழைக்கக் கூடாது.

காகிதத்தில் அருமை. நிஜத்தில்?

வாங் யாங் சுங் என்று ஒரு சீன மாலுமி. கப்பலிலிருந்து கரையில் இறங்கியவர், அனுமதித்த நாட்களைத் தாண்டியும் தங்கிவிட்டார் என்று குடியேற்றத் துறை பிடித்தது. விசாரித்த இன்ஸ்பெக்டர் யார்? இன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்து விசாரிப்பார், நாளைக்கு வேறொரு கேஸில் துப்பறியப் போவார். அரசாங்கத்தின் சார்பில் குறுக்குக் கேள்வி கேட்கும் வேலையும் அவர் தலையில் விழும். 'நாட்டை விட்டு வெளியேறு' என்று உத்தரவு வந்தது. வாங் கோர்ட்டுக்குப் போனார். 1950 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 1946 சட்டம் ஒழிக்க நினைத்தது இந்தக் கலப்படத்தைத்தான் என்றது.

வெற்றி! ஆனால், ஏழே மாதம். அதே செப்டம்பரில், ஒரு செலவின மசோதாவின் வாலில் சின்னதாக ஒரு வரியை ஒட்டினார்கள். நாடு கடத்தும் விசாரணைகளுக்கு மேற்படி விதிகள் பொருந்தாது. அவ்வளவுதான், தீர்ப்பு காலி! அந்த வரி 1952-ல் போனது, அதன் இடத்தில் குடியேற்றத்துக்கென்றே தனி நடைமுறை வந்து உட்கார்ந்தது. இன்றுவரை குடியேற்ற நீதிபதிகள், அரசின் தலைமை வழக்கறிஞருக்குக் கீழே வேலை பார்க்கும் ஊழியர்கள்தான்.

மற்ற எக்ஸாமினர்களுக்கு யோகம் அடித்தது. 1972-ல் 'நிர்வாகச் சட்ட நீதிபதி' என்று பட்டம் மாறியது. அவர்களில் பெரும்பாலானவர்கள் சமூகப் பாதுகாப்புத் துறையில். முதுகு உடைந்த தொழிலாளிக்கு மாதாமாதம் பணம் உண்டா, இல்லையா? முதலில் மறுக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்தால், விசாரித்துச் சொல்வது அவர்கள்தான்.

2018 வரை இந்த வேலையில் சேர்வது லேசாக இருக்கவில்லை. ஏழு வருட வக்கீல் அனுபவம் வேண்டியிருந்தது. அதற்குமேல் பரீட்சை, பேட்டி, மதிப்பெண். முன்னாள் ராணுவத்தினருக்குக் கூடுதல் மார்க். பட்டியலின் முதல் மூன்று பேரிலிருந்துதான் துறை ஒருவரைப் பொறுக்க வேண்டியிருந்தது. 'நம்ம ஆளை' நேராக உட்காரவைக்க முடியவில்லை.

2018 ஜூனில் உச்ச நீதிமன்றம் இன்னொரு குண்டு போட்டது. பங்குச் சந்தை கமிஷனின் இந்த நீதிபதிகள் அரசியல் சட்டப்படி 'அதிகாரிகள்', அவர்களைக் கமிஷனே நியமிக்க வேண்டும், கீழே இருக்கும் ஊழியர்கள் நியமித்தது செல்லாது என்றது. அடுத்த மாதமே அதிபர் ட்ரம்ப் ஓர் ஆணை போட்டார். பொதுப் பரீட்சை வேண்டாம், துறைத் தலைவர்களே ஆளைத் தேர்ந்தெடுக்கலாம்!

எங்கிருந்து கிளம்பினோமோ, பாதி தூரம் அங்கேயே திரும்பிவிட்டோம், பார்த்தீர்களா? நாளைக்கு ஏதோவொரு ஆபீஸில், உங்கள் எதிரே ஒரு விசாரணை அதிகாரி உட்கார்ந்தால், அவர் நல்லவரா என்று கவலைப்படுவதற்கு முன்னால் ஒன்றை விசாரித்துக்கொள்ளுங்கள். அவரை வேலைக்கு வைத்தது யார்? வேலையை விட்டுத் தூக்கக்கூடியவர் யார்?