பல்லின் வெண்புள்ளியும் அமிலத்தின் பணியும்

பல்லுக்குப் பகை அமிலம் என்பதை யாவரும் அறிவர். நாம் உண்ணும் இனிப்பை வாயிலுள்ள நுண்ணுயிர்கள் அமிலமாக மாற்றுகின்றன, அவ்வமிலம் பல்லின் மேலுறையாகிய எனாமலை அரிக்கின்றது, சொத்தை பிறக்கின்றது. ஆயினும், அந்தப் பகையையே பணியாளாக அமர்த்திக்கொண்ட வரலாறு ஒன்று பல் மருத்துவத்தில் உண்டு. ஐதராபாத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் குடியேறி வாழும் நம்மவர்க்கு அது தொலைவான கதையன்று.

1955-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் மைக்கேல் புவோனோகோர் என்ற அறிஞர் ஒரு சோதனை செய்தார். உலோகத்துக்கு வர்ணம் பூசுவோர், வர்ணம் நன்கு பற்றும் பொருட்டு முதலில் பாஸ்பாரிக் அமிலம் இடுவது வழக்கம். அவ்வாறே எனாமலின்மீது 85 சதவீத பாஸ்பாரிக் அமிலத்தை 30 விநாடி இட்டார். வழவழப்பான எனாமல் நுண்ணிய சொரசொரப்பை அடைந்தது. அதன்மேல் இட்ட செயற்கைப் பிசின் உறுதியாகப் பற்றிக்கொண்டது. பல்லைப் பதப்படுத்தும் கலை இங்குத் தொடங்கிற்று.

அதே 1955-இல் ஐதராபாத்துக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நல்கொண்டாவைப் பற்றி, சித்திகி என்ற மருத்துவர் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். கிணற்று நீரில் மிகுந்திருந்த புளோரைடு மக்களின் உடலைக் கெடுப்பதை அது விளக்கிற்று. இந்நோய் அதற்கு முன்னரே அறியப்பட்டதுதான். சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர் ஜில்லாவில் அது பரவியிருப்பதை, ஷார்ட் முதலிய ஆராய்ச்சியாளர்கள் 1937-இல் எடுத்துரைத்தனர். அந்நோயின் முதல் அடையாளம் பல்லில் தோன்றும்: சுண்ணாம்பு போன்ற வெண்திட்டு, பின்னர்ப் பழுப்புக் கறை.

சொத்தையின் தொடக்கமும் வெண்புள்ளியே. காரணம் வேறு, அமைப்பு பெரிதும் ஒன்று. இரண்டிலும் மேற்பரப்பு கெட்டியாகவும் உட்புறம் நுண்துளைகள் மலிந்தும் இருக்கும். துளைகளில் நிறைந்த நீரும் காற்றும் ஒளியைச் சிதறச் செய்வதால் அவ்விடம் வெளுத்துத் தெரிகின்றது. அத்துளைகளைப் பிசினால் அடைத்துவிட்டால் சொத்தையின் அமிலம் உட்புக வழியில்லை அல்லவா? 1976-இல் ராபின்சன் என்பவரும் அவருடன் பணிபுரிந்தோரும் இதனைச் சோதித்தனர். எனினும் அவர்கள் கையாண்ட பிசின் வாய்க்கு ஏற்றதாக இல்லை.

மற்றொரு தடை அந்த மேற்பரப்பே. மயிரிழையளவே கனமுள்ள அவ்வேடு, பூட்டிய கதவு போல் பிசினைத் தடுத்தது. புவோனோகோர் வழிவந்த பாஸ்பாரிக் அமிலம் அதனைத் திறக்கப் போதவில்லை. ஜெர்மனியில் மேயர்-லூக்கெல், பாரிஸ், கீல்பாசா ஆகியோர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு விடை தந்தது. 37 சதவீத பாஸ்பாரிக் அமிலத்தைவிட, 15 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலக் களிம்பு அவ்வேட்டைச் செவ்வனே அகற்றிற்று. 2009 முதல் இம்முறை மருத்துவர்களின் கைக்கு வந்தது.

முறை இதுவே: பல்லைத் துலக்கி, ஈறு புண்ணாகாதபடி ரப்பர்த் தாள் கட்டுகின்றனர். அமிலக் களிம்பை 2 நிமிடம் வைத்துக் கழுவுகின்றனர். பின்னர்ச் சாராயச் சத்தாகிய எத்தனாலால் துளைகளின் ஈரத்தைப் போக்குகின்றனர். ஈரம் எஞ்சினால் பிசின் புகாது. அதன்பின் இடும் நீர்த்த பிசின், திரியில் எண்ணெய் ஏறுவது போல் துளைகளுள் ஊர்கின்றது. ஒளி பாய்ச்சியதும் இறுகுகின்றது. துரப்பணம் வேண்டுவதில்லை. பிசினின் ஒளிவிலகல் எண் 1.52, எனாமலின் எண் 1.62. நீரின் எண்ணோ 1.33 மட்டுமே. ஆகவே பிசின் புகுந்த இடத்தில் வெண்மையும் மங்கிவிடும். இலேசான புளோரைடு வெண்திட்டுகளுக்கும் இம்முறை உதவுகின்றது.

ஆனால் குழி விழுந்த சொத்தைக்கு இது பயன்படாது. பழுப்பேறிய ஆழ்ந்த கறைக்கும் இதுமட்டும் போதாது. அமிலத்தை வீட்டில் எடுத்துப் பல்லில் தேய்ப்பது பெருந்தீங்கு. பிசினோ பல்லையே காக்கும். எலும்பையும் சேர்த்துக் காக்கவேண்டுமாயின் நீரைத் திருத்தவேண்டும். சுண்ணாம்பும் படிகாரமும் கொண்டு புளோரைடை நீக்கும் முறையை நாகபுரி ஆராய்ச்சி நிலையத்தார் 1970-களில் வகுத்தனர். அது நல்கொண்டாவின் பெயராலேயே வழங்குகின்றது. நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்காக 2013-இல் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் செயற்படத் தொடங்கியதும் இதே காரணம் பற்றியே.

குழந்தையின் முன்பற்களின் எனாமல், அவை முளைக்குமுன் ஈறுக்குள்ளேயே உருவாகின்றது. ஆகவே இளம்பருவத்தில் குடித்த நீரின் கணக்கு வாழ்நாள் முழுதும் பல்லில் நிற்கும். பிழைப்பின் பொருட்டு ஊர் மாறிச் செல்லும் குடும்பத்தார் வாடகையை விசாரிப்பது போலவே, ஆழ்குழாய்க் கிணற்று நீரின் புளோரைடு அளவையும் விசாரித்தல் வேண்டும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடையாவிடில் 1.5 மில்லிகிராம் வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர விதி. குழந்தையின் பல்லில் வெண்புள்ளி கண்டால் குழி விழும்வரை காத்திராமல் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். வெண்புள்ளி நிலையில் காக்கும் பல், குழி விழுந்தபின் முன்போல் வளர்வதில்லை.