கொற்கைக்குப் போன பாதிரியாரும் பதில் வராத கேள்வியும்

இங்கிலாந்தின் செல்போர்ன் என்ற சிற்றூரில் கில்பர்ட் வைட் என்றொரு பாதிரியார் இருந்தார். ஊரைவிட்டு அதிகம் வெளியே போகாதவர். தன் தோட்டத்துக்கு வந்த பறவைகளையும் மண்புழுக்களையும் பழைய மடத்தின் இடிபாடுகளையும் பற்றி தாமஸ் பென்னன்ட், டெய்ன்ஸ் பாரிங்டன் என்ற இரு நண்பர்களுக்குக் கடிதங்கள் எழுதிக்கொண்டிருந்தார். அக்கடிதங்கள் 1789இல் நூலாயின. ஆங்கிலேயர் மிகவும் நேசிக்கும் நூல்களில் அது ஒன்று. ஞாயிறன்று பிரசங்கம், மற்ற நாட்களில் கல்லையும் காசையும் செடியையும் சேகரித்தல், இரவில் அவை குறித்துக் கடிதம் எழுதுதல் என்பது அந்நாட்டுக் கிராமப் பாதிரிமாரின் வாழ்க்கைமுறையாகவே இருந்தது. கல்வி உண்டு, ஓய்வு உண்டு, பேச்சுத்துணைதான் இல்லை. ஆகவே தபால்.

இந்தப் பழக்கம் கப்பலேறித் தமிழகத்துக்கும் வந்தது. தரங்கம்பாடியில் இருந்த கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்ற ஜெர்மானியப் பாதிரியார் நம் கடற்கரை மீன்களைப் பெர்லினில் இருந்த பிளாக் என்ற மீனியல் அறிஞருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். பிளாக் நன்றிக்கடனாக ஒரு மீனினத்துக்கு 'ஜானியஸ்' என்று பெயரிட்டார். கத்தாழை மீன் என்று நாம் வாங்கும் மீன்களில் சில அந்த இனத்தைச் சேர்ந்தவை. மீன் வாங்கும்போது பாதிரியார் நினைவுக்கு வருவதில்லை என்பது வேறு விஷயம். பிற்காலத்தில் வேலூரில் இருந்த டேனிஷ் பாதிரியார் லோவந்தால் திருநெல்வேலிக் காசுகள் குறித்து 1888இல் ஒரு சிறு நூலே வெளியிட்டார். திருமங்கலத்தில் இருந்த அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டிரேசி பாண்டியர் காசுகளைத் திரட்டி எழுதினார். எங்கள் காஞ்சிப் பகுதியை ஆண்ட பல்லவர்களைப் பற்றி 1879இல் ஆங்கிலத்தில் விரிவாக எழுதியவர்களுள் ஒருவரும் ஒரு குருவானவர்தான். தாமஸ் ஃபௌக்ஸ் என்பது பெயர். நந்திவர்ம பல்லவமல்லனின் உதயேந்திரம் செப்பேட்டை அச்சில் கொண்டுவந்தவர் அவர்.

இவர்கள் எல்லோரையும்விட நமக்கு நன்கு தெரிந்த பெயர் ராபர்ட் கால்டுவெல். தெரிந்த பெயர் என்பதாலேயே அவருடைய ஒரு பக்கம் மறைந்துபோய்விட்டது. 'திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்' என்ற ஒற்றை நூலுக்குள் அவரை அடைத்துவிட்டோம். அந்நூலை எழுதியவர் 1841 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு இடையன்குடி என்ற தேரிக்காட்டுக் கிராமத்தில் வாழ்ந்தவர், ஊர் ஊராகச் சுற்றியவர், போகிற இடத்தில் எல்லாம் குனிந்து தரையைப் பார்த்தவர். நான் இங்கே பேச விரும்புவது அந்தக் கால்டுவெல்லைப் பற்றி.

தாமிரபரணி கடலில் கலக்கும் பகுதியில் கொற்கை என்ற சிற்றூர் இருக்கிறது. கடலிலிருந்து இன்று ஆறேழு கிலோமீட்டர் உள்ளே, வயல்களுக்கு நடுவே. கிரேக்கர்களின் பெரிப்ளூஸ் நூலும் தாலமியின் நிலநூலும் முத்துக்குப் பெயர்போன 'கொல்கோய்' என்ற துறைமுகத்தைச் சொல்கின்றன. அந்தக் கொல்கோய் இந்தக் கொற்கைதான் என்று கால்டுவெல் நிறுவ முனைந்தார். கடற்கரையில் இருக்க வேண்டிய துறைமுகம் வயலுக்குள் எப்படி வந்தது? ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் கடலைத் தள்ளிக்கொண்டே போயிற்று, கொற்கையைக் கடல் கைவிட்டதும் வணிகர்கள் கிழக்கே நகர்ந்து காயலைத் துறைமுகமாக்கினர், காயலையும் மண் மூடியபின் தூத்துக்குடி எழுந்தது என்பது அவருடைய விளக்கம். ஒரே ஆறு அடுத்தடுத்துத் துறைமுகங்களைத் தூர்த்த கதை இது. ஊரருகே அக்கசாலை என்றொரு இடப்பெயர் வழங்குவதையும் அவர் கவனித்தார். அக்கசாலை என்றால் நாணயம் அடிக்கும் இடம். ஓர் ஊர்ப்பெயரைச் சான்றாக எடுக்கும் இந்த முறை, வேர்ச்சொல் தேடிப் பழகியவருக்கே கைவரும்.

காயல் விஷயத்தில் அவருக்குக் கிடைத்த கடிதத் துணை கர்னல் ஹென்றி யூல். வங்காளப் பொறியாளர் படையில் இருந்து ஓய்வுபெற்று, இத்தாலியின் பலெர்மோவில் உட்கார்ந்து மார்க்கோ போலோவின் பயணநூலுக்கு உரையெழுதிக்கொண்டிருந்தவர். அந்நூலின் முதற்பதிப்பு 1871இல் வந்தது. மார்க்கோ போலோ 'காயில்' என்று சொல்லும் பெருந்துறைமுகம் எது என்பது யூலுக்கு இருந்த சிக்கல். அதைத் தீர்க்க உதவியவர் கால்டுவெல். யூலின் குறிப்புகளில் அவர் பெயர் மீண்டும் மீண்டும் வருகிறது. இன்றைய காயல்பட்டினம் அன்று, ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகில் உள்ள பழையகாயலே அது என்றார் கால்டுவெல். (இதைக் காயல்பட்டினத்தார் ஒப்புக்கொள்வதில்லை. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.) அங்கே வெட்டவெளியெங்கும் சீனப் பீங்கான் துண்டுகள் சிதறிக் கிடந்தன என்றும், வேண்டுமென்று நினைத்திருந்தால் ஒரு வண்டி நிறையப் பொறுக்கியிருக்கலாம் என்றும் அவர் எழுதியிருக்கிறார். வெனிஸ் நகர வணிகன் ஒருவன் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்ட ஊரைத் தமிழகத்துப் பாதிரியார் ஒருவர் காலால் நடந்து தேட, அது இத்தாலியில் அடிக்குறிப்பாகிறது. உலகம் அன்றும் சிறியதுதான்.

1876-77இல் கால்டுவெல் கொற்கையிலும் காயலிலும் அகழ்ந்து பார்த்தார். அதன் விவரங்கள் 1877இல் 'இந்தியன் ஆன்டிகுவரி'யில் வந்தன. ஜேம்ஸ் பர்ஜெஸ் 1872இல் பம்பாயில் தொடங்கிய இதழ் அது. நாடெங்கும் சிதறிக் கிடந்த கலெக்டர்களும் பாதிரிமார்களும் பொறியாளர்களும் தாங்கள் கண்டதை எழுதி, ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுக்கொள்ளும் இடமாக இருந்தது. அச்சில் ஏறிய கடிதக்கட்டு என்றே அதைச் சொல்லலாம்.

அந்த 1877ஆம் ஆண்டுத் தொகுதியிலேயே கால்டுவெல் எழுதிய இன்னொரு குறிப்பும் உண்டு. பொருள், ஈமத்தாழிகள். திருநெல்வேலிச் சீமையில் கிணறு வெட்டினாலும் வாய்க்கால் வெட்டினாலும் பெரிய பெரிய தாழிகள் வெளிப்பட்டன. உள்ளே எலும்புகள், வழவழப்பான சிறு கலயங்கள். மக்கள் அவற்றை மதமதக்கத்தாழி என்று அழைத்தனர். அவற்றுக்கு ஒரு கதையும் வைத்திருந்தனர். முற்காலத்தில் மனிதர்க்குச் சாவே வராது. வயதாக வயதாகச் சுருங்கிச் சிறுத்துப்போவார்கள். அப்படிச் சிறுத்த கிழவர்களைக் கொஞ்சம் சோற்றுடன் தாழிக்குள் உட்காரவைத்துப் புதைத்துவிடுவார்கள். நம்மில் பலர் பாட்டிமாரிடம் கேட்ட கதைதான். கால்டுவெல் எலும்புகளைப் பார்த்தார். அவை சாதாரண அளவுள்ள மனிதருடையவை. கதை பொய்த்தது. அப்படியானால் இவர்கள் யார்? நல்ல மட்பாண்டம் செய்யத் தெரிந்த, இறந்தவரைத் தாழியில் இட்டுப் புதைத்த இந்த மக்கள் எங்கே போனார்கள்? அவருக்கு விடை கிடைக்கவில்லை.

விடை இருந்தது. அச்சில்தான் இல்லை.

புறநானூற்றின் 228ஆம் பாட்டு, சோழன் கிள்ளிவளவன் இறந்தபோது ஐயூர் முடவனார் ஊர்க்குயவனை விளித்துப் பாடியது. இவ்வளவு பெரிய மன்னனைக் கவிக்கும் தாழியை நீ எப்படி வனைவாய் என்று அவனுக்காக இரங்குகிறது. 256ஆம் பாட்டில் கணவனை இழந்த பெண்ணொருத்தி அதே குயவனிடம் தாழியைச் சற்று அகலமாகச் செய்யச் சொல்கிறாள், தனக்கும் அதில் இடம் வேண்டும் என்பதால். மணிமேகலை, இறந்தவர்க்குச் செய்யும் ஐந்து முறைகளை வரிசைப்படுத்தும்போது தாழியில் கவிப்பதை ஒன்றாகச் சொல்கிறது. தாழிகளுக்குள் இருந்தவர்கள் அயலவரல்லர், மறைந்துபோன குள்ளர்களுமல்லர். தமிழில் அழுத மக்கள்.

ஆனால் உ.வே.சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தது 1894இல். மணிமேகலை 1898இல். கொற்கையின் முத்தைப் பாடும் மதுரைக்காஞ்சி அடங்கிய பத்துப்பாட்டு 1889இல் வந்தது. கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியனைப் பேசும் சிலப்பதிகாரம் 1892இல். கால்டுவெல் 1891 ஆகஸ்டில் கொடைக்கானலில் காலமாகிவிட்டார். கொற்கையின் பழமைக்கு அவர் கிரேக்கரைச் சாட்சிக்கு அழைத்தார் என்றால், தமிழ்ச் சாட்சிகள் அப்போது கூண்டுக்கு வரவில்லை. தமிழ் இலக்கியத்தின் காலத்தை அவர் மிகவும் பின்னுக்குத் தள்ளியதற்கும் இதுவே பெருங்காரணம். அவரை அதற்காக ஏசுகிறவர்கள் இந்த ஆண்டுக்கணக்கைப் பார்ப்பதில்லை.

என்னை உறுத்துவது வேறொன்று. 1888இல் சாமிநாதையர் பத்துப்பாட்டு ஏடு தேடித் திருநெல்வேலிக்குப் போகிறார். கவிராயர் வீடுகளில் ஏறி இறங்குகிறார். ஆழ்வார்திருநகரியில் இலக்குமண கவிராயர் மூலம் அவர் ஏடு பெற்ற வரலாறு 'என் சரித்திர'த்தில் இருக்கிறது. ஆழ்வார்திருநகரி தாமிரபரணிக் கரையில் உள்ள ஊர். சில கல் தொலைவில் அதே கரையில் ஆதிச்சநல்லூர். அங்கே 1876இலேயே பெர்லினிலிருந்து வந்த யாகோர் என்பவர் தாழிகளைத் தோண்டி எடுத்துக்கொண்டு போயிருந்தார். ஆற்றின் போக்கில் இன்னும் கீழே போனால் கொற்கை. ஆக, தாழியும் தாழியைப் பாடிய மரபின் ஏடுகளும் ஒரே ஆற்றங்கரையில் இருந்தன. தாழியைப் பற்றிய கேள்வி பம்பாய்க்கும் பெர்லினுக்கும் போயிற்று. ஏட்டைப் பற்றிய கேள்வி கவிராயர் வீடுகளுக்கும் மடங்களுக்கும் போயிற்று. இரண்டு தபால்களும் வெவ்வேறு பைகளில் கிடந்தன.

இதற்குப் பாதிரிமாரின் மனப்போக்கும் ஒரு காரணம். தமிழர்கள் அவர்களுக்குத் தகவல் தருபவர்கள். கருத்துப் பரிமாறத் தக்கவர்கள் கடலுக்கு அப்பால் இருந்தார்கள். எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கும் அவருடைய தோழர்களும் 1712 முதல் 1714 வரை தமிழர்களுக்கே கேள்விகளை எழுதி அனுப்பினார்கள். உங்கள் கடவுள் எத்தகையவர், பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிக்கிறீர்கள், எங்கள் சமயத்தில் நீங்கள் காணும் குறை என்ன? தமிழர்கள் பதில் எழுதினார்கள். அப்படி வந்த 99 கடிதங்கள் ஜெர்மனில் பெயர்க்கப்பட்டு ஹாலே நகரில் அச்சாயின. அழகப்பன் என்ற மொழிபெயர்ப்பாளரின் கை அவற்றில் அதிகம் என்பர் ஆய்வாளர். இருக்கட்டும். கேள்விக்குப் பதில் சொல்லவும் திருப்பிக் கேட்கவும் தமிழருக்கு அங்கே இடம் இருந்தது. ஒன்றரை நூற்றாண்டு கழிந்து, கம்பெனியும் பிறகு முடியரசும் வேரூன்றிய பின் அந்த இடம் இல்லாமல் போயிற்று. கால்டுவெல்லே 1849இல் தன் சபை மக்களாகிய சாணார்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். தாழியின் எலும்பை அளந்து பார்த்து நிதானமாக எழுதியவர், உயிருள்ள மனிதர்களைப் பற்றி எழுதும்போது அந்த நிதானத்தைக் காட்டவில்லை. நூல் யாரைப் பற்றியதோ அவர்கள் ஆங்கிலம் படித்துவிட்டு அதைக் கையில் எடுத்தபோது கொதித்தெழுந்தார்கள். படிக்க மாட்டார்கள் என்று நினைத்துத்தானே எழுதியிருப்பார்?

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நம் புலவர்களும் மண்ணைப் பார்க்கவில்லை. தாழி என்ற சொல்லுக்குப் பொருள் எழுதினோம். தாழியைப் பார்க்கப் போகவில்லை. நானே வகுப்பில் 256ஆம் பாட்டைப் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். இரண்டு பேர் கொள்ளும் தாழி எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று ஒரு மாணவி கேட்ட பிறகுதான் அருங்காட்சியகத்துக்கு மாணவர்களை அழைத்துப் போகும் வழக்கம் தொடங்கியது. எங்கள் திருமுக்கூடல் பெருமாள் கோவில் சுவரில் வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலையையும் மாணவர்க்கான கல்லூரியையும் விவரிக்கும் மிக நீண்ட சாசனம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் துறையில் குளித்துவிட்டு அந்தச் சுவரைச் சுற்றி வந்தவர்கள் எத்தனை தலைமுறை! 1915இல் கல்வெட்டுத் துறையார் வந்து படியெடுக்கும்வரை அது வெறும் சுவர்தான். அங்கே ஒரு பாதிரியாரும் வரவில்லை என்பதால் குறையொன்றும் இல்லை, துறை வந்துவிட்டது. கொற்கைக்குத் துறை வருவதற்கு 1968-69 ஆயிற்று. அப்போது கிடைத்த கரித்துண்டு கி.மு. 8ஆம் நூற்றாண்டை ஒட்டிய காலத்தைக் காட்டியது. தமிழகத் தொல்லியல் துறை 2021இல் மீண்டும் அங்கே அகழ்ந்தது.

கால்டுவெல்லின் கேள்வி முற்றிலும் அனாதையாகப் போய்விடவில்லை. கொற்கைக்குத் தொலைவில்லாத சாயர்புரத்தில் 1840களில் ஓர் இளம் பாதிரியார் பள்ளி நடத்திக்கொண்டிருந்தார். ஜி.யு.போப். பிற்காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் தமிழ் கற்பித்தவர். அவர் அங்கிருந்து கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியரான சாமிநாதையருக்குக் கடிதங்கள் எழுதினார். இம்முறை பாதிரியாரின் தபால் ஏடு படிக்கிறவரின் வாசலுக்கு வந்தது. 1899இல் லண்டன் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டியின் இதழில் போப் புறநானூற்றுப் பாடல்கள் சிலவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார். அந்த ஆண்டில்தான் ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ மண்வெட்டி வைக்கிறார். கால்டுவெல் இடையன்குடியில் தான் எழுப்பிய கோவிலுக்குள் அடக்கமாகி எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.